பன்விலவுக்குப் போன கல்யாணக் கேக்கும் அணையாத மஞ்சள் விளக்கும்

பெரஹரா ஊர்வலத்துக்கு வந்த கூட்டமெல்லாம் கலைந்து, கண்டி டவுனுக்குள் மறுபடியும் நிம்மதியாகக் கார் ஓட்டலாம் என்ற நிலைமை வந்த ஒரு சனிக்கிழமை நாங்கள் பன்விலவுக்குப் புறப்பட்டோம். சுற்றிப் பார்க்க அல்ல. ஒரு கல்யாணக் கேக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்க. ஆனாலும் இதைப் பயணக் கட்டுரையாகத்தான் எழுதுகிறேன். கண்டியிலிருந்து மேலே இருக்கும் தேயிலைத் தோட்டங்களுக்குச் சொந்தக் காரில் போக நினைக்கிறவர்களுக்கு, நான் இதுவரை எழுதிய எல்லாவற்றையும் விட இது உதவும் என்று நினைக்கிறேன்.

கேக் என் அண்ணி பிலோமினா செய்தது. பிறந்தநாள் கேக்குகள் செய்து அம்பிட்டிய பக்கம் ஓரளவு பெயர் வாங்கியிருந்தார். கல்யாணத்துக்கு மூன்று அடுக்கு கேட்டு ஒருவர் வந்தது இதுதான் முதல் தடவை. மணப்பெண் ரோஸ்லின். அவளுடைய அம்மா பன்விலவுக்கு மேலே ஒரு தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர். தோட்டத்துக் கத்தோலிக்கக் கோயிலில் பத்து மணிக்குக் கல்யாணப் பூசை, அது முடிந்ததும் பக்கத்து மண்டபத்தில் கேக் வெட்டி விருந்து. இந்தக் கேக் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் அந்தப் பக்கத்துக் கல்யாணங்கள் எல்லாம் தன்னிடம் வரும் என்று அண்ணி நம்பினார். உடைந்துபோனால் என்ன ஆகும் என்பதை அவர் வாயால் சொல்லவில்லை. ஒரு கிழமையாகச் சரியாகச் சாப்பிடவில்லை, அவ்வளவுதான்.

கார் என்னுடையது. பழைய ஐரோப்பியக் கார், வாங்கி நான்கு மாதம். வீட்டில் எல்லோரும் ஜப்பான் காராகப் பார்த்து வாங்கச் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. பின் இருக்கையை மடக்கினால் நல்ல சமதளமாக இடம் கிடைக்கும். கேக் கொண்டுபோக அதைவிட வசதி வேறு எதிலும் இல்லை என்று அண்ணியிடம் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன்.

கேக்கைப் பற்றி இரண்டு வரி. நம் ஊர்க் கல்யாணக் கேக்கில் மேலடுக்குகள் பெரும்பாலும் தெர்மோகோல் மாதிரியான ரெஜிபோம் வட்டங்கள், மேலே ஐசிங் மட்டும் உண்மை. இதிலும் மேலே இரண்டும் அப்படித்தான். அடியில் இருப்பது நிஜக் கேக், நல்ல கனம். மூன்றையும் தனித்தனிப் பெட்டிகளில் வைத்து, அங்கே போய் அடுக்குவதாக ஏற்பாடு. விருந்தினருக்குக் கொடுக்கும் சின்னப் பெட்டிகள் இரண்டு பெரிய அட்டைப் பெட்டிகளில். ஐசிங் காய்ந்தால் முட்டை ஓடு மாதிரி. ஒரு பலமான பிரேக் போதும், விரிசல் விட்டுவிடும்.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். எங்கள் பாதை கட்டுகஸ்தோட்டைப் பாலம், மடவளை, வத்தேகம, பன்வில. கண்டியிலிருந்து பன்விலவுக்கு ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர். வெறுங்காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். கேக்கோடு இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுகஸ்தோட்டைச் சந்தியில் பஸ் ஒன்று குறுக்கே வந்தது. மெதுவாகத்தான் பிரேக்கை அழுத்தினேன். அப்போது முன்பலகையில் மஞ்சளாக ஒரு விளக்கு மின்னி அணைந்தது. ஒரு வட்டம், அதன் இரண்டு பக்கமும் துண்டு துண்டாகக் கோடுகள். பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் காணவில்லை. அந்த விளக்கின் அர்த்தம் எனக்குத் தெரியும். பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்று சொல்வது. ஆனால் காரை விற்றவர், இந்த ரகக் கார்களில் அது சும்மா சும்மா வரும், வயர்க் கோளாறு, கணக்கெடுக்க வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார். மின்னி மறைந்ததால் எனக்கும் அது வயர்க் கோளாறாகவே பட்டது. அண்ணி பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மடவளை வரைக்கும் பிரேக் பிடித்த இரண்டு மூன்று இடங்களில் மின்னியது. வத்தேகம தாண்டி ஏறத் தொடங்கியதும் விளக்கு அணையாமல் எரியத் தொடங்கிவிட்டது.

அதற்கு மேல் மறைக்க மனம் வரவில்லை. தேநீர்க் கடை ஒன்றின் முன்னால் ஓரமாக நிறுத்தி அண்ணியிடம் சொன்னேன். அவர் பின்னால், மடக்காமல் விட்ட ஓரத்து இருக்கையில், நடு அடுக்குப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தார். எத்தனை தூரம் இருக்கிறது என்று மட்டும் கேட்டார். பன்வில டவுனுக்கு எட்டு கிலோமீட்டர், அங்கிருந்து தோட்டத்துக்கு ஆறு என்றேன்.

இறங்கி, தெரிந்ததை எல்லாம் பார்த்தேன். கை பிரேக் முழுதாக இறங்கித்தான் இருந்தது. பொனட்டைத் திறந்து பிரேக் எண்ணெய்ப் போத்தலைப் பார்த்தேன். மட்டம் கீழ்க்கோட்டுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. குறைவுதான், ஆனால் ஆபத்து இல்லை. பிறகு போனின் டோர்ச்சைப் போட்டு, சில்லின் இடைவெளி வழியாக முன் பேட்களைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் நல்ல தடிப்பாகத் தெரிந்தது. பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று அண்ணியிடம் சொன்னேன். சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. விற்றவர் சொன்னது சரி, கார் வாங்கிய நானும் சரி.

மறுபடி புறப்பட்டோம். ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலை இல்லை. அண்ணியும் நானும் ரோஸ்லினுடைய மாப்பிள்ளையைப் பற்றிப் பேசிக்கொண்டு போனோம். கம்பளையில் புடவைக்கடையில் வேலை செய்கிற பையன், அவனே பெண்ணுக்குச் சேலை தேர்ந்தெடுத்தானாம்.

பன்விலவுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் பாதை ஒரு ஓடையை நோக்கி இறங்கி மறுபடி ஏறும். அந்த இறக்கத்தில் பிரேக்கை அழுத்தியதும் இடது முன்பக்கம் சத்தம் கேட்டது. தகரத்தைத் தார் ரோட்டில் இழுத்தால் வருமே, அது. கார் நின்றது, ஆனால் கொஞ்சம் வலப்பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. அடியில் பாலத்துக்குப் பக்கத்தில், பூட்டிக் கிடந்த ஒரு கடையின் முன்னால் மட்டமான இடம் இருந்தது. கியரிலேயே மெதுவாக அங்கே கொண்டுபோய் நிறுத்தி, சில்லுக்குக் கல் வைத்தேன்.

இந்த முறை எங்கே பார்ப்பது என்று தெரிந்திருந்தது. முன் சில்லுகள் இரண்டின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோனேன். வலது சில்லில் வெதுவெதுப்பு. இடது சில்லிலிருந்து தோசைக்கல் மாதிரி வெக்கை அடித்தது. எரிந்த வாடையும் வந்தது. இடது சில்லின் கறுப்புத் தூளும் வலதை விட இரண்டு மடங்கு இருந்தது. வெளியிலிருந்து எனக்குத் தெரிந்தது வெளிப்பக்கத்து பேட் மட்டும். உள்பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

அண்ணியிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். இன்னும் எட்டு கிலோமீட்டர். பெரும்பாலும் ஏற்றம். முதல் கியரில் ஊர்ந்து போனால் போய்விடலாமோ என்று ஒரு கணம் தோன்றியதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தோட்டப் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் உண்டு, எதிரே கொழுந்து லொறி வந்தால் பின்னுக்கு எடுக்க வேண்டி வரும், கீழே சரிவு.

அண்ணி பெட்டியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு இறங்கி வந்தார். சில்லைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"ஓட்டிரலாமா, இல்லியா? மறைக்காமச் சொல்லு ஸ்டெல்லா."

"ஓட்டக் கூடாது அண்ணி."

அவர் தலை முடியை இறுக்கி முடிந்தார்.

"அப்ப கேக்கப் பஸ்ஸுல ஏத்துவோம். நீ காரப் பாரு."

என்னால் நம்ப முடியவில்லை. அந்தப் பெட்டிகளைத் தொடக்கூட அண்ணனை விடாதவர் அவர். சனிக்கிழமை காலை பன்வில பஸ் எப்படி வரும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதற்குள் அவர் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கியிருந்தார்.

கால் மணி நேரத்தில் பஸ் வந்தது. மேலே தோட்டம் வரை போகும் தனியார் பஸ், நிற்கவும் இடமில்லை. கை காட்டினோம். கண்டக்டர் பெட்டிகளைப் பார்த்ததும், பின்கதவால் ஏற்றி மேலே சாமான் தட்டில் போடலாம் என்றான். அண்ணி மாட்டேன் என்றார். சாரதி ஹோர்ன் அடித்தார். நடுவில் ஜன்னலோரம் இருந்த ஒருவர், வெள்ளைச் சட்டை, நீலக் கழுத்துப்பட்டி, ஐம்பது வயது இருக்கும், எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"பொட்டியில என்னாங்க?"

"கல்யாணக் கேக்குங்க. ரோஸ்லின் கல்யாணத்துக்கு."

"அட, நாங்களும் அங்கதானே போறோம். இங்க குடுங்க, மடியில வச்சிக்கிறோம்."

அவ்வளவுதான். பஸ்ஸில் பாதிப் பேர் அந்தக் கல்யாணத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். கைகள் நீண்டன. அடியடுக்கை அந்த மனிதரே வாங்கிக்கொண்டார். அவர் பெயர் ஆரோக்கியம் என்று பிறகு தெரிந்தது. நடு அடுக்கை அவருடைய மனைவியும், உச்சியில் வைப்பதை மல்லிகைப்பூ வைத்த ஒரு பெண்ணும் மடியில் வைத்துக்கொண்டார்கள். சின்னப் பெட்டிகள் அடங்கிய பெரிய பெட்டிகளைச் சாரதிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அண்ணி ஐசிங் பையையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு ஏறினார். கல்யாணத்துக்கு உடுத்த அவர் கொண்டுவந்த சேலைப் பை என் காரிலேயே கிடந்தது. அதை அப்புறம்தான் கவனித்தேன். கண்டக்டர் என்னிடம் ஒரு கராஜ்காரரின் நம்பரைச் சொல்லிவிட்டு, சாரதியைப் பார்த்து மெதுவாகப் போகும்படி சிங்களத்தில் சொன்னான். பஸ் நிஜமாகவே மெதுவாகத்தான் கிளம்பியது.

கராஜ்காரர் நிசாம் பன்வில டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். மடவளைக்காரர். விளக்கைப் பார்த்ததும், இந்தக் காருகளில் இந்த லைட் வீணாக வரும், சென்சர் வயரை வெட்டி இரண்டு முனையையும் முடிந்துவிட்டால் அணைந்துவிடும், ஐந்து நிமிட வேலை என்றார். நான் சத்தத்தையும் சூட்டையும் சொல்லி, சில்லைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. ஜெக் போட்டுக் கழற்றினார்.

வெளிப்பக்க பேட் பாதிக்கு மேல் இருந்தது. உள்பக்கத்தில் இரும்புத் தகடுதான் மிச்சம். அது சில்லோடு சுற்றும் டிஸ்க்கில் ஒரு கோடு கிழித்திருந்தது. பேட்களை அழுத்திப் பிடிக்கும் கெலிப்பர் நகரும் ஆணி கிரீஸ் காய்ந்து இறுகிப்போனதால், ஒரு பேட் மட்டுமே எல்லா வேலையையும் செய்து தேய்ந்திருக்கிறது. சென்சர் வயர் அந்த உள்பக்க பேட்டுக்குள்தான் புதைந்திருந்தது. அது தேய்ந்து டிஸ்க்கைத் தொட்டுத் தொட்டு மின்னி, பிறகு முழுதாகப் போனதும் நிலையாக எரிந்திருக்கிறது.

"லைட் பொய் செல்லல்ல, தங்கச்சி," என்றார் நிசாம். "வயர முடிஞ்சிருந்தா நானும் ஒங்களோட சேந்து ஏமாந்திருப்பேன்."

அவரிடம் இந்தக் காருக்கு பேட் இல்லை. பழைய பேட்டைப் படம் எடுத்துக் கண்டியில் தெரிந்த உதிரிப்பாகக் கடைக்கு அனுப்பினார். கடை அப்போதுதான் திறந்திருந்தது. சரியான செட் இருக்கிறது, சென்சர் வயரும் இருக்கிறது என்று பதில் வந்தது. கடைப் பையன் அதை ஒன்பது மணி பன்வில பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டான். மலையில் கார் நின்றுபோனால் இதை மறக்காதீர்கள். ஆளை அனுப்பத் தேவையில்லை, சாமானே பஸ் ஏறி வரும்.

பத்தரைக்குப் பார்சல் வந்தது. அதுவரை நான் ஓடைப் பாலத்துக் கட்டில் உட்கார்ந்திருந்தேன். மேலே பூசை தொடங்கியிருக்கும். அண்ணியின் போன் எடுபடவில்லை, அந்தத் தோட்டத்தில் சிக்னல் ஒரு மூலையில்தான் கிடைக்கும். நக்கிள்ஸ் மலைப் பக்கம் மேகம் இறங்கி, மறுபடி விலகியது. கேக் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமலே, நிறுத்தியது சரி என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லாமல் இருந்தது. அது நல்ல உணர்வு. தேநீர் மட்டும்தான் குறை.

நிசாம் முன்பக்கம் இரண்டிலும் பேட் மாற்றினார். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் கார் இழுக்கும். ஆணிகளைக் கழற்றித் துடைத்து, அதற்கென்று உள்ள கிரீஸ் பூசினார். டிஸ்க்கில் விழுந்த கோடு ஆழமில்லை, ஆனாலும் அடுத்த கிழமை கண்டியில் காட்டச் சொன்னார். புது சென்சரைச் செருகியதும் விளக்கு அணைந்தது. ஓடைக்கரையில் முன்னும் பின்னும் நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்தோம். பதினொன்றே முக்காலுக்குத் தோட்டத்துக்குப் புறப்பட்டேன்.

மண்டபத்துக்குள் நுழையும்போது சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. கேக் மேசையில் மூன்று அடுக்கும் நிமிர்ந்து நின்றது. அடியடுக்கில் வெட்டிய இடம் மட்டும் திறந்திருந்தது. அண்ணி காலையில் உடுத்திய அதே பருத்திச் சேலையில், யாரோ தந்த மல்லிகைச் சரத்தோடு, பெட்டிகளைப் பங்கிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முதலில் கேட்டது காரைப் பற்றித்தான்.

பஸ்ஸில் நடந்ததை அவர் பிறகு சொன்னார். தோட்டப் பாதையில் குலுக்கல் தொடங்கியதும் ஆரோக்கியம் மடியில் வைத்தால் அதிரும் என்று எழுந்து நின்றுவிட்டாராம். முழங்காலை லேசாக மடித்து, கனமான அடியடுக்கை நெஞ்சோடு அணைத்து, ஆறு கிலோமீட்டரும் அப்படியே நின்று வந்திருக்கிறார். இரண்டு பேர் அவருடைய இடுப்பைப் பிடித்துக்கொண்டார்களாம். ஒரு வளைவில் பெட்டியின் மூடி நசுங்கி, ஓரத்து ஐசிங் ஒரு சாண் நீளத்துக்கு உடைந்துவிட்டது. உடைந்த ஐசிங் அவருடைய கழுத்துப்பட்டியில் அப்பிக்கொண்டது. பூசையில் முதல் வாசகம் வாசிக்க வேண்டியவர் அவர்தான். யாருடையதோ கோட்டை வாங்கிப் போட்டு, கழுத்து வரை பொத்தானை மாட்டிக்கொண்டு வாசித்திருக்கிறார். உடைந்த இடத்தை அண்ணி கோயில் பின்னறையில் வைத்துப் புது ஐசிங்கால் மூடி, அதன் மேல் ஐசிங்கில் செய்த இரண்டு பூவையும் ஒட்டிவிட்டார். ரோஸ்லின் அந்தப் பூக்களைத்தான் அழகென்று சொன்னாளாம்.

நான் போய் ஆரோக்கியத்துக்கு நன்றி சொன்னேன். அவர் கோட்டைக் கழற்றாமலே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அதுக்கென்னாங்க. எறங்குறப்பதான் பாத்தேன், கை ரெண்டும் மரத்துப் போச்சி. நல்ல கனம். நல்ல கேக்கா இருக்கும்னு அப்பவே தெரிஞ்சிச்சி."

அவருடைய மனைவி அண்ணியின் நம்பரை வாங்கிக்கொண்டார். மல்லிகைப்பூ வைத்த பெண்ணும் வாங்கிக்கொண்டாள். தை பிறந்ததும் அவளுக்குக் கல்யாணமாம்.

மூன்றரைக்கு இறங்கத் தொடங்கினோம். முழு இறக்கத்தையும் இரண்டாம் கியரிலேயே விட்டேன். வத்தேகம வரை இலேசான தூறல். விளக்கு வரவே இல்லை. ஐந்தரைக்கு வீடு.

இனி, உங்களுக்கு. பிரேக் தேய்வு விளக்கு பெரும்பாலும் மஞ்சள். சிவப்பு விளக்கு வேறு, அது கை பிரேக் அல்லது எண்ணெய், கை பிரேக்கை இறக்கியும் எரிந்தால் ஒரு அடிகூட ஓட்டாதீர்கள். மஞ்சள் விளக்கு பிரேக் பிடிக்கும்போது மட்டும் மின்னினால் அதை வயர்க் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள், தேய்வு அப்படித்தான் தொடங்கும். எண்ணெய் குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டுப் போகாதீர்கள், பேட் தேயத் தேய மட்டமும் இறங்கும், அதுவே ஒரு அடையாளம். வெளியிலிருந்து தெரியும் பேட் தடிப்பாக இருந்தால் பாதிதான் பார்த்திருக்கிறீர்கள். உள்பக்கத்தைப் பார்க்கச் சில்லைக் கழற்ற வேண்டும். சில கிலோமீட்டர் ஓடியதும் இரண்டு முன் சில்லுகளின் சூட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள், ஆனால் டிஸ்க்கைத் தொடாதீர்கள். சத்தம் வந்துவிட்டால் நிறுத்துங்கள். பேட் வாங்கும்போது சென்சர் வயரும் கேளுங்கள், இல்லாவிட்டால் புது பேட்டோடும் விளக்கு எரியும். மாற்றிய பிறகு முதல் இருநூறு கிலோமீட்டர் மென்மையாகப் பிரேக் பிடியுங்கள். எனக்கு பேட், சென்சர், கூலி எல்லாமாக இருபத்திரண்டாயிரம் ரூபா ஆனது. கண்டியிலேயே, கிளம்புவதற்கு முந்திய நாள் பார்த்திருந்தாலும் இவ்வளவுதான் ஆகியிருக்கும்.

பஸ்ஸில் போகிறவர்கள் கண்டி பஸ் நிலையத்தில் பன்வில பஸ் பிடிக்கலாம். மேல்தோட்டங்களுக்குப் பஸ் குறைவு, திரும்பும் நேரத்தைக் கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதி முடித்ததும் அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். ஐசிங் உடைந்ததை எடுத்துவிடச் சொன்னார். எடுக்கவில்லை. முன்பின் தெரியாதவர்கள் மடியில் கேக்கை வைத்தபோது பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"பயம் இல்லாமலா?" என்றார். "ஆனா பஸ்ஸுல கேக்கு மட்டுந்தானே ஒடையும்."